தர்மாஸ்பத்திரியும் வரிக் கணக்கும்

எமது ஊர்களில் முதியவர்கள் அரசாங்க வைத்தியசாலையைத் 'தர்மாஸ்பத்திரி' என்று சொல்வது வழக்கம். அச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எமக்குச் சிறு கோபம் உண்டாவதுண்டு. அங்கே எவரும் எவருக்கும் தர்மம் செய்யவில்லை. கூலிக்காரன் வாங்கும் சீனியிலும் மாவிலும் மண்ணெண்ணெயிலும் மறைந்து நின்று அறவிடப்படும் வரியே அங்கே மருந்தாகவும் கட்டிலாகவும் தாதியின் சம்பளமாகவும் உருமாறி நிற்கிறது. தன் பணத்திற் கட்டிய வீட்டுக்குள் நுழைபவனை விருந்தாளி என்று யாராவது சொல்வார்களா? எனினும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பெயர் பிழையாயினும் அவ் வாயிலில் நிற்கும் ஏழையிடம் முற்பணம் கேட்பார் இல்லை.

ஐக்கிய அமெரிக்காவில் நிலைமை தலைகீழானது. அங்கே 'தர்மம்' என்பது கிழவிகள் வைத்த பெயரன்று. சட்டம் வைத்த பெயர். அந் நாட்டின் பொது வைத்தியசாலைகளிற் சரிபாதிக்கு மேற்பட்டவை 'இலாப நோக்கற்ற' தர்ம ஸ்தாபனங்கள். அவை மத்திய அரசுக்கு வருமான வரி கொடுப்பதில்லை. நகரசபைக்கு ஆதன வரி கொடுப்பதில்லை. அவற்றுக்கு நன்கொடை கொடுக்கும் தனவந்தருக்கும் வரிச் சலுகை உண்டு. இவ்வளவையும் பெற்றுக்கொண்டு அவை தம்மைச் சூழ வாழும் மக்களுக்குத் திருப்பிக் கொடுப்பது என்ன? இக் கேள்வியை அமெரிக்க மக்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கேட்டு வருகின்றனர்.

கடல் கடந்த இவ் விவகாரம் எமக்கு எதற்கு என்று வாசகர் வினவலாம். 2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் எமது வைத்தியசாலைகள் மருந்தின்றித் தவித்ததன் பின்னர், கற்றோர் சிலர் ஒரு புதிய பாடலைப் பாடத் தொடங்கியிருக்கின்றனர். 'அரசாங்கத்தால் இனி இயலாது. தனியார் கையிற் கொடுத்தாற் கொள்ளை. ஆகவே இடைவழியாக இலாப நோக்கற்ற ஸ்தாபனங்களிடம் ஒப்படைப்போம். அமெரிக்காவைப் பாருங்கள்' என்கின்றனர். சரி, பார்ப்போம். அவர்கள் காட்டும் திசையிலேயே பார்ப்போம்.

முதலிற் சட்டத்தைப் பார்க்கவேண்டும். 1956 ஆம் ஆண்டில் அமெரிக்க வருமான வரித் திணைக்களம் ஒரு விதி செய்தது. தர்ம ஸ்தாபனம் என்ற பெயரை விரும்பும் வைத்தியசாலை, பணம் கொடுக்க இயலாதோருக்குத் தன் நிதிநிலை இடந்தரும் அளவுக்குச் சிகிச்சை அளிக்கவேண்டும் என்பது அதன் சாரம். 1965 இல் முதியோருக்கு மெடிக்கெயார், வறியோருக்கு மெடிக்கெயிட் என்னும் அரசாங்கக் காப்புறுதித் திட்டங்கள் வந்தன. இனி இலவச நோயாளரே இருக்கமாட்டார்கள் என்று ஒரு வாதம் கிளம்பிற்று. 1969 இல் பழைய விதி தளர்த்தப்பட்டது. புதிய விதி, உதாரணமாக ஒரு கற்பனை வைத்தியசாலையைப் படைத்துக் காட்டியது. 250 கட்டில்கள் கொண்டது; அவசர சிகிச்சைப் பிரிவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது; நிர்வாக சபையில் ஊர்ப் பிரமுகர்கள் வீற்றிருக்கின்றனர். மற்றைய பிரிவுகளிற் பெரும்பாலும் பணம் கொடுக்கக்கூடியோரும் காப்புறுதி உள்ளோருமே அனுமதிக்கப்படுகின்றனர். இதுவும் தர்மமே என்று விதி தீர்ப்புக் கூறிற்று. 'ஏழைக்கு உதவி' என்ற சொற்களின் இடத்தில் 'சமூக நன்மை' என்ற சொற்கள் வந்து அமர்ந்தன. ஏழையை எண்ணலாம். சமூக நன்மையை எப்படி எண்ணுவது?

திறந்து வைத்த அவசர சிகிச்சைப் பிரிவை இன்றும் பெரிய தர்மமாகச் சொல்லிக்கொள்கிறார்கள். 1986 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மெடிக்கெயார் பணம் பெறும் வைத்தியசாலை எதுவாயினும், இலாபத்துக்காகவே நடப்பதாயினும், உயிராபத்தில் வருபவனைப் பார்க்க மறுக்க முடியாது. எல்லோர்மீதும் விழுந்த கடமையை ஒருவர் மட்டும் தமது தர்மக் கணக்கில் எழுதிக்கொள்வது எந்தக் கணக்கியலோ நாமறியோம்.

1969 ஆம் ஆண்டு விதியை ஏழைகள் வாய்மூடி ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்கவேண்டாம். கென்டக்கி மாநிலத்தின் கிழக்குப் பகுதியில், நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த அந்த மலைநாட்டில், நலன்புரி உரிமைகளுக்காக அமைந்த ஏழைகளின் சங்கம் ஒன்று வேறு பலரோடு சேர்ந்து வழக்குத் தொடுத்தது. முற்பணம் கட்ட இயலாமையால் வைத்தியசாலை வாயிலில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். முதல் நீதிமன்றம் 1973 இல் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மேன்முறையீட்டில் அது கவிழ்ந்தது. 1976 இல் வழக்கு அதியுயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. அங்கே விதி நல்லதா கெட்டதா என்பது ஆராயப்படவேயில்லை. 'இவ் வழக்கைத் தொடர உங்களுக்கு உரித்தில்லை' என்பதே பதில். காரணம் யாது? பழைய விதி மீண்டாலும் வைத்தியசாலைகள் ஏழைகளை ஏற்குமென்பது நிச்சயமில்லையாம். வரிச் சலுகையை உதறிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளவும் அவை தீர்மானிக்கலாமாம். ஆகவே ஏழையின் நட்டத்துக்கு இவ் விதியே காரணம் என்று சொல்வது வெறும் ஊகமாம்.

இத் தீர்ப்பை நாம் பலமுறை படித்தோம். ஏழைக்கு உதவுவதைவிட வரி கட்டுவதையே இத் தர்ம ஸ்தாபனங்கள் விரும்பலாம் என்று அந் நாட்டின் அதியுயர் நீதிபதிகளே ஐயுறுகிறார்கள்! இதைவிடக் கடுமையான குற்றச்சாட்டை இடதுசாரிகளாகிய எம்மாலும் எழுத முடியாது.

இன்னொரு வழக்கும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. வட கரோலினாவின் கிறீன்ஸ்பரோ நகரில் மோசஸ் கோன் ஞாபகார்த்த வைத்தியசாலை இருந்தது. 1946 ஆம் ஆண்டின் ஹில்-பேர்ட்டன் சட்டத்தின் கீழ் அரசாங்கப் பணம் பெற்ற நிறுவனம். கறுப்பு வைத்தியர்களை அது சேர்த்துக்கொள்ளவில்லை. ஜோர்ஜ் சிம்கின்ஸ் என்ற கறுப்பினப் பல் வைத்தியரும் தோழர்களும் நீதிமன்றம் சென்று 1963 இல் வென்றனர். வைத்தியசாலையின் வாதம் விநோதமானது. பணம் பெறும்போது பொது நிறுவனம்; சமத்துவம் கேட்கும்போது தனியார் நிறுவனம். 2016 ஆம் ஆண்டில் அவ் வைத்தியசாலை பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பு வருவதற்கு 53 ஆண்டுகள் சென்றன.

இனிப் பிற்ஸ்பேர்க் நகருக்குப் போவோம். பென்சில்வேனியா மாநிலத்தின் இப் பெருநகரம் உருக்கினால் வளர்ந்தது. அதன் மையத்தில் 64 மாடிகள் கொண்ட கட்டடம் ஒன்று உண்டு. உருக்குக் கம்பனியின் பெயரால் அறியப்படுவது. 2008 ஆம் ஆண்டில் அதன் உச்சியில் வேறொரு பெயரின் எழுத்துகள் ஏறின: யூ.பி.எம்.சி. பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழக மருத்துவ நிலையம் என்பதன் முதலெழுத்துகள் அவை. பல வைத்தியசாலைகள், சொந்தக் காப்புறுதிக் கம்பனி, அம் மாநிலத்தின் தனியார் துறையில் வேறெவரிடமும் இல்லாத ஊழியர் படை. முதலாளித்துவத்தின் பழைய சின்னத்தின் தலையில் தர்மம் ஏறி அமர்ந்த காட்சி! அத் தர்மத்தின் தலைவராக நெடுங்காலம் இருந்தவரின் வருட வேதனம் 60 இலட்சம் டொலரைத் தாண்டியிருந்தது.

அந் நகருக்கு வெளியே ஆற்றங்கரையில் பிராடொக் என்று ஒரு சிற்றூர். அன்ட்றூ கார்னேகி தமது பெரிய உருக்கு ஆலையை 1875 இல் இயங்கவைத்த இடம் அது. அமெரிக்காவில் அவர் கட்டிய முதலாவது நூலகமும் 1889 இல் அங்கேதான் எழுந்தது. பன்னிரண்டு மணி நேரம் உலையில் வெந்தவன் நூலகத்தில் எதை வாசித்தானோ என்பது வேறு கதை. 1920 ஆம் ஆண்டளவில் இருபதினாயிரம் பேருக்கு மேல் வாழ்ந்த ஊர், உருக்குத் தொழில் நொடித்தபின் இரண்டாயிரம் பேராகச் சுருங்கியது. வசதியுள்ள வெள்ளையர் வெளியேறினர். எஞ்சியோரிற் பெரும்பாலோர் கறுப்பின ஏழைகள். அவர்களுக்கு மிஞ்சியிருந்தது ஒரு வைத்தியசாலை. அதை நடத்தியது யூ.பி.எம்.சி.

2010 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அது மூடப்பட்டது. கட்டில்கள் நிரம்பவில்லை, நட்டம் ஏற்படுகிறது என்று நிர்வாகம் சொல்லிற்று. ஊர் மக்கள் ஆர்ப்பாட்டம் செய்தனர், ஊர் மேயரும் எதிர்த்தார், பயனில்லை. கட்டடமும் பின்னர் இடித்துத் தள்ளப்பட்டது. நட்டம் என்ற வாதத்தை நாமும் ஒருகணம் ஏற்றுக்கொள்வோம். அப்படியாயின் 2012 இல் நடந்தது என்ன? சில மைல் தூரத்தில், வசதியுள்ளோர் வாழும் மொன்றோவில் என்ற புறநகரில், அதே ஸ்தாபனம் புத்தம்புதிய வைத்தியசாலை ஒன்றைத் திறந்தது. அங்கே வைத்தியசாலை இல்லாமலிருந்ததோ? கூப்பிடு தூரத்தில் போட்டி நிறுவனம் ஒன்றின் வைத்தியசாலை ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தது. நோய் அதிகமுள்ள இடத்தில் வைத்தியசாலை மூடப்படுகிறது. காப்புறுதி அதிகமுள்ள இடத்தில் திறக்கப்படுகிறது. இலாபத்துக்காக நடக்கும் கம்பனி இதைவிட வேறென்ன செய்திருக்கும்?

2013 இல் பிற்ஸ்பேர்க் நகரசபை விழித்துக்கொண்டது. 'இது தர்ம ஸ்தாபனமன்று, ஊழியர் சம்பளத்தின் மீதான வரியைக் கட்டவேண்டும்' என்று வழக்குத் தொடுத்தது. நகரசபையிடம் நல்ல ஆயுதமும் இருந்தது. வரிவிலக்குக் கோருவோர் தமது சேவையிற் கணிசமான பகுதியை இலவசமாக வழங்கவேண்டும், இலாப நோக்கிலிருந்து முற்றாக விலகியிருக்கவேண்டும் என்பன உட்பட ஐந்து நிபந்தனைகளை அம் மாநில உயர் நீதிமன்றம் 1985 இலேயே வகுத்திருந்தது. ஆனால் வழக்கு அவ்வளவு தூரம் போகவேயில்லை. யூ.பி.எம்.சி. கொடுத்த விடையை வாசகர் பொறுமையோடு கேட்கவேண்டும்: 'எம்மிடம் ஊழியர் எவருமே இல்லை!' அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட ஊழியரும் கிளைக் கம்பனிகளின் ஊழியராம். தாய் ஸ்தாபனத்துக்கு ஒரு காவற்காரன்கூட இல்லையாம். 2014 இல் நீதிபதி அதை ஏற்று வழக்கைத் தள்ளினார். புதிய மேயர் மேற்கொண்டு வாதாடாது விட்டுவிட்டார். ஊழியரே இல்லாத ஸ்தாபனத்தின் பெயர் இரவிலும் ஒளிவிட்டுக்கொண்டிருந்தது.

அதோடு முடிந்ததா? ஹைமார்க் என்ற போட்டிக் காப்புறுதி நிறுவனத்தோடு அதற்குப் பகை மூண்டது. ஹைமார்க் அட்டை வைத்திருக்கும் நோயாளர் பலர் தமது வைத்தியரிடமே போகமுடியாத நிலை உருவாயிற்று. போக விரும்புவோர் முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டவேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. இடையிற் சிக்கியோரில் புற்றுநோயாளரும் இருந்தனர். மாநிலச் சட்டமா அதிபர் 2019 பெப்ரவரியில், தர்ம ஸ்தாபனத்துக்குரிய கடமைகளை மீறியதாகக் குற்றஞ்சாட்டி நீதிமன்றம் சென்றார். ஜூன் மாதத்திற் பத்தாண்டு ஒப்பந்தம் கைச்சாத்தாகி விவகாரம் அடங்கியது.

நாம் ஒருபக்கச் சார்பாக எழுதுகிறோம் என்று குறை கூறுவோர் உண்டு. ஆகவே மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறோம். 1981 இல் அந் நகருக்கு வந்த தொமஸ் ஸ்ரார்சில் என்ற சத்திரசிகிச்சை நிபுணரின் கீழ் ஈரல் மாற்றுச் சிகிச்சை வளர்ந்த இடம் அது. உலகம் முழுவதிலுமிருந்து நோயாளர் சென்றனர். நகரப் பாடசாலை மாணவர் கல்லூரி செல்வதற்கான நிதிக்கு 10 கோடி டொலர் தருவதாக யூ.பி.எம்.சி. 2007 இல் அறிவித்ததும் உண்மை. இவற்றை மறைப்பது எமது நோக்கமன்று. எனினும் அந் நகரின் மருத்துவப் புகழுக்கு மூலமான சாதனை எங்கே நிகழ்ந்தது என்பதையும் நினைவூட்ட விரும்புகிறோம். 1955 இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்தை ஜோனாஸ் சோக் உருவாக்கிய ஆய்வுகூடம், நகரசபையின் தொற்றுநோய் வைத்தியசாலைக் கட்டடத்தில் அமைந்திருந்தது. பொதுமக்கள் பத்துச் சத நாணயங்களாக அனுப்பிய பணம் அவ் வாய்வைத் தாங்கிற்று. அம் மருந்துக்குக் காப்புரிமை எடுக்கப்படவில்லை.

'சமூக நன்மை' எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதையும் ஆசிரியர்களும் மாணவர்களும் அறிந்துகொள்வது நல்லது. வருடந்தோறும் வரித் திணைக்களத்துக்கு ஒரு படிவம் போகிறது. இலவசச் சிகிச்சை அதில் ஒரு வரி மாத்திரமே. வைத்தியப் பயிற்சி, ஆராய்ச்சி, ஊரில் நடத்தும் சுகாதார விழாக்கள் எல்லாம் அடுத்தடுத்த வரிகள். இவற்றுள் மிகப் பருத்தது 'மெடிக்கெயிட் குறை' என்பது. வறியோருக்காக அரசாங்கம் கொடுக்கும் கட்டணம் தமது செலவை ஈடுசெய்யவில்லை என்று சொல்லி, வித்தியாசத்தைத் தமது கொடையாக எழுதுகிறார்கள். வரி கட்டும் இலாபக் கம்பனிகளின் வைத்தியசாலைகளும் அதே நோயாளரை அதே கட்டணத்துக்குப் பார்க்கின்றன. அவற்றை யாரும் கொடைவள்ளல் என்று அழைப்பதில்லை. 2018 ஆம் ஆண்டுக் கணக்குகளை ஆராய்ந்து 2021 இல் வெளியான ஆய்வு ஒன்றின்படி, செலவிடும் ஒவ்வொரு 100 டொலரிலும் இலவசச் சிகிச்சைக்கு அரசாங்க வைத்தியசாலைகள் 4.1 டொலரும், இலாப வைத்தியசாலைகள் 3.8 டொலரும், இலாப நோக்கற்றவை 2.3 டொலரும் கொடுத்தன. மூவரிலும் குறையக் கொடுத்தவருக்கே தர்மவான் பட்டம். 2020 ஆம் ஆண்டில் இத் தர்ம ஸ்தாபனங்கள் யாவும் பெற்ற வரிச் சலுகையின் பெறுமதி ஏறத்தாழ 2800 கோடி டொலர் என்றும், அவை கொடுத்த இலவசச் சிகிச்சையின் செலவு 1600 கோடி டொலர் என்றும் கைசர் குடும்ப நிதியம் மதிப்பிட்டது.

ஒபாமா ஆட்சியில் 2010 இல் வந்த சுகாதாரச் சட்டம் சில கடிவாளங்களைப் போட்டது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊரின் சுகாதாரத் தேவைகளை ஆராய்ந்து அறிக்கை எழுதவேண்டும். உதவித் திட்டத்தை எழுத்தில் வெளியிடவேண்டும். கடனுக்காகக் கழுத்தைப் பிடிக்குமுன் அவகாசம் கொடுக்கவேண்டும். ஆனால் எவ்வளவு கொடுக்கவேண்டும் என்ற குறைந்தபட்ச எல்லையை அது விதிக்கவில்லை. அறிக்கை எழுதாவிட்டால் 50,000 டொலர் தண்டம் உண்டு. கோடிக்கணக்கில் வருமானமுள்ளோருக்கு இது தேநீர்ச் செலவு.

கழுத்தைப் பிடிப்பது என்றது வெறும் அலங்காரமன்று. மார்ட்டின் லூதர் கிங் 1968 இல் துப்புரவுத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் துணைநிற்கச் சென்று கொல்லப்பட்ட மெம்பிஸ் நகரை எடுத்துக்கொள்வோம். அங்கே மெதடிஸ்த திருச்சபையோடு இணைந்த மெதடிஸ்ற் லெ பொனர் என்ற இலாப நோக்கற்ற ஸ்தாபனம், 2014 முதல் 2018 வரை 8300 க்கு மேற்பட்ட வழக்குகளைத் தனது நோயாளர்மீது தொடுத்திருந்ததைப் பத்திரிகையாளர் 2019 இல் வெளிக்கொணர்ந்தனர். வழக்காளி வைத்தியசாலை, எதிரி அதே வைத்தியசாலையிற் குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர் என்ற வழக்குகளும் அவற்றுள் இருந்தன. செய்தி வெளிவந்தபின் வழக்குகள் நிறுத்தப்பட்டன. ஆயிரக்கணக்கானோரின் கடன்கள் நீக்கப்பட்டன. நீக்க முடிந்த கடனை முதலிலேயே நீக்கியிருக்கலாகாதா?

மேற்குக் கரையிற் புரொவிடன்ஸ் என்ற பெரும் ஸ்தாபனம். அதன் ஆதி வரலாறு உள்ளத்தை உருக்குவது. 1856 இல் ஜோசப் தாயாரின் தலைமையில் ஐந்து கன்னியாஸ்திரிகள் வொஷிங்டன் பிரதேசத்துக்கு வந்தனர். சுரங்க முகாம்களுக்குக் குதிரையிற் சென்று பிச்சையெடுத்து வைத்தியசாலை நடத்தினர். அவர்களின் வாரிசுகள் வேறுவிதமாகக் கையேந்தினர். இலவசச் சிகிச்சைக்குச் சட்டப்படி உரித்துடைய ஏழைகளிடமே பணம் கேட்குமாறு ஊழியரைப் பழக்கினர். கட்டாதோரைக் கடன் அறவிடுவோரிடம் ஒப்படைத்தனர். வொஷிங்டன் மாநிலச் சட்டமா அதிபரின் வழக்கின் பின்னர், 2024 இல் ஏறத்தாழ ஓர் இலட்சம் நோயாளருக்கு 15 கோடி 70 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தொகையை மீளளிக்கவும் கடனிலிருந்து நீக்கவும் அவர்கள் உடன்பட்டனர்.

இங்கே எமது மண்ணோடு தொடர்புள்ள ஒருவரையும் குறிப்பிடாது விட மனமில்லை. மசச்சூசெற்சின் வூஸ்ரர் நகரைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டு மானிப்பாயிற் குடியேறினார். 1873 வரை இங்கே வைத்தியம் செய்தார். தமிழிலே மேலை வைத்திய நூல்களை ஆக்கித் தமிழ் இளைஞருக்குத் தமிழிலேயே கற்பித்தார். சமயப் பிரசாரம் அவரது பணியின் ஒரு கூறு என்பதை நாம் மறந்துவிடவில்லை. ஆயினும் அந்த மனிதரையோ, சுரங்க முகாம்களிற் கையேந்திய கன்னியாஸ்திரிகளையோ இழித்துரைக்க எமக்கு நாவெழாது. தனிமனிதரின் கருணை பெரிது. அக் கருணையின் பெயரை மரபுரிமையாகப் பெற்று, வரிச் சலுகைப் பத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும் நிறுவனங்களே எமது வாதத்துக்குப் பொருள்.

இல்லினோய் மாநிலத்து ஏர்பானா நகரின் புரொவீனா கவனன்ற் வைத்தியசாலை வழக்கோடு எமது சாட்சிகள் முடிகின்றன. 2002 ஆம் ஆண்டில் அங்கே உள்நோயாளரும் வெளிநோயாளருமாக ஏறத்தாழ 110,000 அனுமதிகள். வருமானம் 11 கோடி 30 இலட்சம் டொலருக்கு மேல். தர்மச் சிகிச்சை பெற்றவர்கள் 302 பேர். அதற்கான செலவு 8 இலட்சத்து 31 ஆயிரம் டொலர். கோரிய ஆதன வரிவிலக்கின் பெறுமதியோ ஏறத்தாழ 11 இலட்சம். வரிவிலக்குக் கிடையாது என்று மாநில உயர் நீதிமன்றம் 2010 இல் தீர்ப்பளித்தது. வைத்தியசாலைச் சங்கங்கள் கலங்கின. 2012 இல் மாநில சட்டசபை புதிய சட்டம் இயற்றிற்று: தர்மத்தின் பெறுமதி வரியின் பெறுமதிக்குக் குறையாதிருக்கவேண்டும். கேட்பதற்கு நியாயமே. ஆனால் தர்மம் என்ற தலைப்பின் கீழ் எவற்றையெல்லாம் எழுதலாம் என்ற பட்டியலையும் அதே சட்டம் தாராளமாக நீட்டிக் கொடுத்தது. 2018 இல் அச் சட்டம் செல்லும் என்று அதே நீதிமன்றம் கூறிற்று.

எமது நாட்டில் இடைவழி காட்டும் நண்பர்களிடம் இப்போது சில கேள்விகள். நீங்கள் விரும்பும் ஸ்தாபனம் எவ்வளவு இலவசச் சிகிச்சை கொடுக்கவேண்டும் என்பதைச் சட்டத்தில் இலக்கத்தால் எழுதுவீர்களா? அதன் கணக்கைப் பார்வையிடும் உரிமை நோயாளிக்கு உண்டா? வாயிலில் திருப்பி அனுப்பப்பட்டவன் நீதிமன்றம் போனால், அவனுக்கு வழக்காட உரித்துண்டு என்று எழுதுவீர்களா, அல்லது கென்டக்கி ஏழைகளுக்குச் சொன்னதையே சொல்வீர்களா? பிராடொக் போன்ற ஊரில் வைத்தியசாலையை மூடுவதற்கு அவ்வூர் மக்களின் சம்மதம் வேண்டுமா? இவற்றுக்கு 'ஆம்' என்றால், நீங்கள் கேட்பது பொதுமக்களுக்குப் பொறுப்புச் சொல்லும் வைத்தியசாலை. அது பழுதுபட்டும் மருந்தின்றியும் எம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதற்கு மருந்து வாங்கப் பணம் ஒதுக்குங்கள் என்று எங்களோடு சேர்ந்து கேளுங்கள். 'இல்லை' என்றால், அதையும் வெளிப்படையாக எழுதுங்கள். இப் பக்கங்களில் அதற்கு இடம் தருவோம்.